தேர்தல் மேடைப் பேச்சும் எம் கரையோர மக்களும்

தேர்தற் காலம் வந்துவிட்டால் எம்மூர்ச் சந்திகள் தம் இயல்பை இழந்துவிடுகின்றன. மதில்களில் அபேட்சகர்களின் முகங்கள் சிரிக்கும். மரங்களில் ஒலிபெருக்கிகள் தொங்கும். பிரதான வீதியாற் செல்லும் வாகனங்களெல்லாம் நமக்கு ஏதோவொன்றைத் தருவதாகச் சொல்லிக்கொண்டே செல்லும். தேர்தல் முடிந்த சில நாட்களில் மதிலிலுள்ள முகங்கள் மழையில் நனைந்து உரியத் தொடங்கும். பேசிய பேச்சுக்களையும் மக்கள் அவ்வாறே மறந்துவிடுவர் என்பது பேசியவர்களின் எண்ணம் போலும். வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடத்து, மேடையிற் சொல்லப்பட்ட சொல் அத்துணை இலேசாக அழிந்து போவதில்லை என்பது புலனாகும். சில சொற்கள் சட்டமாகியிருக்கின்றன. சில சொற்கள் உயிர் குடித்திருக்கின்றன. ஒரு சொல், எம் கல்முனைப் பகுதியில் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் இரு சமூகத்தாரைச் சிலகாலம் ஒரே சின்னத்தின் கீழ் நிறுத்தி வைத்தது. "தமிழ் பேசும் மக்கள்" என்பதே அச்சொல். அது எவ்வாறு பிறந்தது, எவரெவரால் எவ்வாறு செலவழிக்கப்பட்டது என்பதை இம்மலரிற் கூற விழைகின்றோம்.

எம் பெரியநீலாவணை, அம்பாறை மாவட்டத்தின் கரையோர வட எல்லையிலுள்ள கிராமம். வடக்கே கல்லாறு, அது மட்டக்களப்பு மாவட்டம். தெற்கே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை; அது முஸ்லிம் சகோதரர்களின் ஊர். அதற்கப்பால் திரௌபதை அம்மன் கோயில் கொண்டுள்ள பாண்டிருப்பு. இவ்வாறு மாலையிற் பூக்கள் மாறி மாறித் தொடுக்கப்பட்டாற் போன்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. இங்கே ஒரு சமூகத்தாரின் மேடையிற் பேசப்படும் பேச்சு மறுசமூகத்தாரின் வீட்டு முற்றத்திற் கேட்கும். ஒலிபெருக்கிக்கு எல்லைக்கல் தெரியாது.

இலங்கையில் 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நம்மை ஆண்ட பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களோடு சமமாக 21 வயதில் வாக்களிக்கும் உரிமையை 1928இல் தான் பெற்றனர். பிரான்சு நாட்டுப் பெண்களுக்கோ 1944 வரை அது கிட்டவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியோர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர் என்பதையும் மறைத்தலாகாது. அக்காலத்து வாக்களிப்பு முறை இன்றைய இளைஞர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். எழுத்தறியாதோர் பொருட்டு அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது. விரும்பியவரின் நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டை இடவேண்டும், அவ்வளவே. மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியில் அம்முதற் தேர்தலில் வெற்றி பெற்றவர் கொழும்பில் வர்த்தகம் செய்த எச். எம். மாக்கான் மாக்கார். அவர் மந்திரியாகவும் ஆனார். அந்நாளில் எம் பகுதியில் மேடைப் பேச்சைக் காட்டிலும் போடியாரின் சொல்லுக்கே பலம் அதிகம். வயலும் வட்டையும் யார் கையிலோ, வாக்கும் பெரும்பாலும் அவர் கையில். சொல்லின் ஆட்சி வந்தது பிறகு தான்.

அது முதலில் அரிசியைப் பற்றிய சொல்லாக வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியினர் ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே தொடர்ந்து கிடைக்கும் என்றனர். மறு ஆண்டே விலை 70 சதமாயிற்று. 1953 ஆகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா ஒக்டோபரிற் பதவி துறந்தார். எனினும் அரிசி மேடையை விட்டு இறங்கவில்லை. 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவதாகவும், சந்திரனிலிருந்தாவது அதனைக் கொண்டுவருவதாகவும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அணியினர் முழங்கினர். மனிதன் சந்திரனிற் கால்வைத்து ஓராண்டு கூட நிறையவில்லை. ஆதலின் உவமை மக்களின் மனத்திற் பசையாக ஒட்டிக்கொண்டது. அவர்கள் 151 ஆசனங்களில் 116ஐ வென்றனர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அரிசியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு எடுத்துச் செல்லவே கட்டுப்பாடு வந்தது. நெல் விளைவிக்கும் எம் மாவட்டத்து உழவன், வெளியூரில் வாழும் மகளுக்கு அரிசி கொண்டுபோகவும் தடைமுகாமில் நின்று பதில் சொல்லவேண்டிய காலமாயிற்று. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா வாரத்துக்கு எட்டு இறாத்தல் தானியம் தருவதாகச் சொல்லிப் பெருவெற்றி கண்டார். 1979இற் பங்கீட்டு முறையே நீங்கி உணவு முத்திரை வந்தது. அரிசிப் பொய்யை மக்கள் ஒருவாறு பொறுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். பசித்த வயிறு அடுத்த தேர்தலிற் பழி தீர்த்துக்கொள்ளும். மொழியைப் பற்றிய சொல் அப்படிப்பட்டதன்று.

சேர் ஜோன் கொத்தலாவல 1954இல் யாழ்ப்பாணம் சென்றபோது சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்கப்படும் என்றார். 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய அவருடைய கட்சி மகாநாடு சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. காரணம் யாதெனின், எதிரே நின்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்கள் இருபத்து நான்கு மணித்தியாலத்திற் சிங்களத்தை ஆட்சிமொழியாக்குவேன் என்று ஊரூராய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒக்ஸ்போர்டிற் பயின்று, அங்கே சொற்போரிற் பெயரெடுத்து, 1926ஆம் ஆண்டிலேயே இலங்கைக்குச் சமஷ்டி முறை பொருந்தும் என்று எழுதியவர் அவர். அவருக்கு அச்சொல்லின் விளைவு தெரியாதென்று எம்மால் நம்பமுடியவில்லை. தெரிந்தே சொன்னார், பிறகு சமாளிக்கலாம் என்று எண்ணினார் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. பாண்டிருப்பிற் பாரதம் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு இது புதிதன்று. அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரத்துச் சொல்லி, யானை என்பதை மெல்லச் சொன்ன தருமர் கதையை நாம் அறிவோம். போரில் வென்றார்; நிலத்திற் படாமல் ஓடிய தேர் அன்று நிலத்தைத் தொட்டது.

1956 ஏப்ரலில் மூன்று நாட்களாகத் தேர்தல் நடந்தது. பண்டாரநாயக்காவின் அணி 95 ஆசனங்களில் 51ஐப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டே எட்டு. ஜூன் 5இல் மசோதா வந்தது. அன்று காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர். அதே மாதத்திற் கல்லோயாக் குடியேற்றத்திற் கலவரம் மூண்டு பலர் கொல்லப்பட்டனர். கொழும்பு மேடைகளிற் பற்றவைத்த தீ, எம் மாவட்டத்து வயல்வெளியில் வந்து எரிந்தது. அன்று பாராளுமன்றத்தில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழியென்றால் இரு நாடு, இரு மொழியென்றால் ஒரு நாடு என்ற கருத்தில் எச்சரித்ததைப் பலரும் நினைவுகூர்வர். அவரே 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை வரைந்த மந்திரி என்பதையும், அந்த யாப்பிலே சிங்களத்தின் தனிநிலை உறுதியாக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவுகூர்வோர் குறைவு. 1966 ஜனவரி 8இல் தமிழ்மொழிப் பிரமாணங்களுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில், டட்லியின் வயிற்றிலே மசாலா வடை என்று கூவிச் சென்றவர்களிலும் இடதுசாரிகள் இருந்தனர். தமிழனின் பலகாரம் கூட வசைமொழியாகிய நாள் அது.

இனி எம் பகுதிக்கு வருவோம்.

எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களின் தலைமையில் 1949 டிசம்பர் 18இல் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, தமிழர் என்று மட்டும் சொல்லாமல் தமிழ் பேசும் மக்கள் என்று சொல்லத் தலைப்பட்டது. வடக்குத் தமிழர், கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், தோட்டத் தொழிலாளர் ஆகிய யாவரையும் மொழியென்னும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் எண்ணம் அதிலே இருந்தது. கட்சியின் சின்னமும் வீடு தான். 1956 தேர்தலில் அக்கட்சி பத்து ஆசனங்களை வென்றது. அவற்றில் நான்கு கிழக்கிலே: திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயம், மட்டக்களப்பிற் செ. இராசதுரை, கல்முனையிற் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம். எம். முஸ்தபா. பின்னிருவரும் முஸ்லிம்கள். பள்ளிவாசலுக்குச் சென்றவரும் கோயிலுக்குச் சென்றவரும் அத்தேர்தலில் ஒரே வீட்டுக்குப் புள்ளடியிட்டனர். தமிழ் அரசியல் வரலாற்றில் அதற்கு முன் இப்படியொன்று நிகழ்ந்ததில்லை.

அது நிலைக்கவில்லை. காரியப்பரும் முஸ்தபாவும் அரசாங்கப் பக்கம் சேர்ந்தனர். 1959 செப்டம்பரிற் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தபின் அமைந்த தஹாநாயக்கா அரசாங்கத்தில் முஸ்தபா நிதி மந்திரியானார். தமிழ் மேடைகளில் அன்று தொடங்கிய சொல் "துரோகம்". முஸ்லிம்களை நம்பலாகாது என்ற பேச்சும் அதன் பின்னாலேயே வந்தது.

நாம் இங்கே சற்று நின்று நிதானிக்க வேண்டும். அந்த இருவரையும் அபேட்சகராக்கியது எது? கட்சிக் கொள்கையில் அவர்களுக்கிருந்த பற்றா, அல்லது ஊரில் அவர்களுக்கிருந்த குடும்பச் செல்வாக்கா? செல்வாக்கை நம்பி நிறுத்திவிட்டுக் கொள்கையை எதிர்பார்த்தது தமிழ்த் தலைமையின் கணக்கிற் பிசகு என்றே எமக்குப் படுகிறது. மேலும், தமிழ் பேசும் மக்கள் என்று மேடையிற் சொன்னார்களேயன்றி, அவ்வாறு அழைக்கப்படுவதற்கு முஸ்லிம்களின் மனத்தில் என்ன விலை இருக்கிறது, அவர்களுக்கென்று ஓர் அதிகாரம் வேண்டாமா என்பனவற்றை உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு. 1957 ஜூலை 26இல் ஒப்பமிட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்திற் கிழக்கு மாகாணம் இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிராந்தியங்களாகப் பிரிக்கப்படலாம் என்றிருந்தது. அதிலே அப்பேச்சுக்கு ஒரு வாயில் திறந்திருந்தது. 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது, வாயிலும் அடைபட்டது. ஆயினும் மக்கள் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. 1960 ஜூலைத் தேர்தலிற் கல்முனை மக்கள் மீண்டும் தமிழரசுக் கட்சியின் முஸ்லிம் அபேட்சகரான எம். சி. அகமதுவைத் தெரிந்தெடுத்தனர். 1970இல் அவரும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியிலேயே வென்றார்.

கட்சி மாறுவது முஸ்லிம்களின் குணம் என்று சொன்னவர்களுக்குக் காலம் விரைவிலேயே பதில் சொல்லிற்று. 1977 தேர்தலிற் பொத்துவிலின் இரண்டாவது உறுப்பினராகத் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற எம். கனகரத்தினம் அவ்வாண்டிலேயே ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சென்றார். இருபதாண்டுகளுக்கு மேல் மட்டக்களப்பின் குரலாய் விளங்கி, மேடைத் தமிழுக்காகச் சொல்லின் செல்வர் என்று போற்றப்பட்ட இராசதுரை 1979இல் அதே வழியிற் சென்று மந்திரியானார். அவரது கதை இன்னும் விசித்திரமானது. 1977இற் கூட்டணி அவரை உதயசூரியன் சின்னத்தில் நிறுத்தியது. கூட்டணிக்குள் அடங்கிய தமிழரசுக் கட்சியோ அதே மட்டக்களப்புத் தொகுதியிற் கவிஞர் காசி ஆனந்தனை வீட்டுச் சின்னத்தில் நிறுத்தியது. ஒரே குடும்பத்தின் இரு சின்னங்கள், ஒரே வாக்காளனிடம் வந்து, ஒன்றையொன்று ஏசின. இராசதுரை வென்றார், ஆனந்தன் தோற்றார், கசப்பு மட்டும் இருவர் பக்கத்திலும் எஞ்சியது.

அந்த 1977ஆம் ஆண்டு மேடைகள் எமது முதியோரின் நினைவில் இன்றும் இருக்கின்றன. வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு மக்களின் ஆணையைக் கேட்ட தேர்தல் அது. கூட்டணியோடு உடன்பாடு கண்ட முஸ்லிம்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்றனர், ஒருவரும் வெல்லவில்லை. கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். எம். மன்சூர் வென்றார். இளம் வழக்கறிஞர் எம். எச். எம். அஷ்ரப் அந்நாளிற் கூட்டணி மேடைகளில் ஏறி, அண்ணன் அமிர்தலிங்கம் கைவிட்டாலும் தம்பி அஷ்ரப் தமிழீழம் பெற்றுத்தருவேன் என்ற கருத்திற் பேசியதாக இப்பகுதியிற் பலரும் சொல்வர். அதே அஷ்ரப் தான் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசைக் கட்டியெழுப்பி 1989இற் பாராளுமன்றம் சென்றார். அந்த ஒரு பயணத்திலேயே "தமிழ் பேசும் மக்கள்" என்ற சொல்லின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. அவரை மாறியவர் என்று ஏசுவது எளிது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் கேட்டவையும் கண்டவையும் எவை என்று கேட்பதே வரலாறு எழுதுவோனின் வேலை.

கண்டவற்றுட் கொடியது "துரோகி" என்ற சொல்லின் வளர்ச்சி. மேடையில் அது கைதட்டல் வாங்கும் சொல். எதிர்க்கட்சித் தமிழனைத் துரோகி என்றால் கூட்டம் ஆரவாரித்தது. பேசியவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் சிலர் அதை அலங்காரமாகக் கொள்ளவில்லை, தீர்ப்பாகக் கொண்டனர். 1975 ஜூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். 1978 ஜனவரியிற் கனகரத்தினம் கொழும்பிற் சுடப்பட்டு, நோயுற்றிருந்து 1980இல் இறந்தார். 1989 ஜூலை 13இல் அமிர்தலிங்கம் அவர்களே சுடப்பட்டார். வாக்காளனைச் சூடேற்றவென்று மேடையில் வீசிய சொல் மேடைக்கே திரும்பி வந்தது. அதன் பின் அச்சொல் ஒரு தனிமனிதனோடு நிற்காமல் ஒரு சமூகத்தின் மீதே ஏற்றப்பட்டது. 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும், ஏறாவூரில் உறங்கியோரும், எமக்கு அண்மையில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர். இம்மூன்றையும் ஒரே வரியில் எழுத மனம் வருந்துகிறது. தனித்தனியே எழுதி, ஒன்றை உரத்தும் மற்றொன்றை மெல்லவும் சொல்வது அதனினும் பெரிய பிழை.

போர் முடிந்தபின் எம் கரையின் மேடைகளிற் பேசப்படும் பொருள் சுருங்கிவிட்டது. ஆட்சிமொழியும் சமஷ்டியும் போய், செயலகமும் சபையும் வந்தன. எமது கல்முனை வடக்கு உப பிரதேச செயலகம் 1989இல் தோன்றியது. அதனை முழுமையான பிரதேச செயலகமாகத் தரமுயர்த்த 1993இல் அமைச்சரவை இணங்கியது. அன்று முதல் அநேகமாக ஒவ்வொரு தேர்தலிலும் அது வாக்குறுதியாகத் தமிழூர்களுக்கு வந்து போயிற்று. 2019 ஜூனிற் கல்முனையில் ஒரு பௌத்த பிக்குவும் இந்துக் குருவும் மற்றும் சிலரும் உண்ணாவிரதம் இருந்தனர். கொழும்பிலிருந்து மந்திரிகளும் தூதர்களும் வந்து நாள் குறித்துச் சென்றனர். அந்த நாளும் போயிற்று.

எமது அயலவரின் கதையையும் அறிந்துகொள்வது நன்று. கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சபை வேண்டும் என்று சாய்ந்தமருது முஸ்லிம்கள் பல்லாண்டு கேட்டனர். அவர்களுக்கும் தேர்தல் மேடைகளில் வாக்களிக்கப்பட்டது. ஏமாற்றம் முற்றி, 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலிற் பெரிய கட்சிகளை ஒதுக்கிச் சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தனர். 2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருது நகரசபைக்கான வர்த்தமானி வெளிவந்தது, ஊர் கொண்டாடியது, சில நாட்களுக்குள் அது இடைநிறுத்தப்பட்டது. பாராளுமன்றத் தேர்தல் அருகில் வந்துகொண்டிருந்த காலம் அது. சாய்ந்தமருதானும் நீலாவணையானும் ஒரே கடையில் ஒரே சரக்கை வாங்கி ஏமாந்தவர்கள். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் தான் முறைத்துக்கொள்கின்றனர். கடைக்காரனை எவரும் கேட்பதில்லை. இதுவே எமக்கு மிகவும் விளங்காத காரியம்.

அந்த 2020 ஆகஸ்டுத் தேர்தலில் எம் தமிழ் வாக்காளர் தமக்குள்ளேயே பிரிந்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஒருபுறமும், விநாயகமூர்த்தி முரளிதரன் அணி மறுபுறமும் நின்றன. ஒரு மேடை மற்ற மேடையைத் துரோகி என்றது. மற்றது இதைக் கையாலாகாதவர் என்றது. கல்முனை வடக்கு இரு மேடையிலும் பேசப்பட்டது. இரு பகுதிக்கும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் ஓர் ஆசனத்துக்குப் போதும். கூட்டுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. திகாமடுல்ல மாவட்ட வாக்குகளால் அம்முறை ஒரு தமிழரும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை.

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், பயனில சொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அபேட்சகர்கள் முதலாவதைப் படித்துவிட்டு வருகிறார்கள். வாக்காளராகிய நாம் இரண்டையுமே படிப்பதில்லை. 1959இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது; ஆதலின் எம் சங்கத்து அங்கத்தவர் பலர் பாடசாலை விட்டதும் வாக்காளராகிவிடுகின்றனர். மேடை முன்னே நிற்கும் கூட்டத்தில் அவர்களே முன்வரிசை. 1956இல் இக்கரையில் எவர் எச்சின்னத்தில் வென்றார் என்று கேட்டால் அவர்களில் எத்தனை பேர் சொல்வர்?

2024 மார்ச்சிற் கல்முனை வடக்குச் செயலகத்தின் முன் மீண்டும் தொடர் போராட்டம் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்தது. அவ்வாண்டு நவம்பர் 14இல் நடந்த தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சி வீட்டுச் சின்னத்தில் திகாமடுல்லவில் ஓர் ஆசனத்தைப் பெற்றது. 1956இல் மருதமுனையாரும் நீலாவணையாரும் சேர்ந்து புள்ளடியிட்ட அதே சின்னம். இம்முறை அதற்கு விழுந்தவை பெரும்பாலும் தமிழரின் வாக்குகள்; மருதமுனையில் வேறு சின்னங்கள் மதிலில் இருந்தன.